ஜூராவின் மஞ்சள் ஒயின்: பீப்பாயை நிரப்பாமல் விட்டும் அது ஏன் காடியாவதில்லை?

அகவன்

அனைவருக்கும் வணக்கம். நான் பிரான்சில் உணவகப் பணிக்கான ஒயின் பரிமாறல் படிப்பைப் படித்து வருகிறேன். போர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன் ஆகிய பகுதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் பர்கண்டிக்குக் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை நோக்கிய மலையடிவாரத்தில் இருக்கும் ஜூரா என்னும் சிறு பகுதிக்கு வந்ததும், அதுவரை கற்றவை எல்லாம் தலைகீழாகிவிட்டன.

பீப்பாயில் இருக்கும் ஒயின் மரத்தின் வழியே மெல்ல மெல்ல ஆவியாகும், அந்த வெற்றிடத்தில் காற்று சேர்ந்தால் ஒயின் கெட்டுவிடும், ஆகவே அவ்வப்போது அதே ஒயினை ஊற்றி விளிம்பு வரை நிரப்ப வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். ஜூராவில் ‘வான் ஜோன்’ எனப்படும் மஞ்சள் ஒயினுக்கு மட்டும் வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விடுகிறார்கள். வகுப்பில் ஊற்றித் தந்த குவளையை முகர்ந்தபோது எங்களில் பாதிப் பேர் அது கெட்டுப்போன ஒயின் என்றே எண்ணினோம்.

அது ஏன் காடியாவதில்லை? அதற்கு மட்டும் 62 சென்டிலிட்டர் புட்டி ஏன்? லூயி பாஸ்டரின் பெயர் இந்தப் பகுதியோடு ஏன் இவ்வளவு சேர்த்துப் பேசப்படுகிறது? ஒரு காலத்தில் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் இத்திராட்சைத் தோட்டங்கள் ஏன் இவ்வளவு சுருங்கின? அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

தேன்மொழி

அகவன், முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் விடை சொல்கிறேன்.

பீப்பாயை நிரப்பாமல் விட்டால் ஒயின் காடியாகும் என்று நீங்கள் படித்தது சரிதான். காடியை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதை அந்த வெற்றிடம் தாராளமாகத் தருகிறது. ஆனால் ஜூராவின் நிலவறைகளில் அந்த பாக்டீரியாவை முந்திக்கொண்டு வேறோர் உயிர் ஒயினின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. சாவன்யான் என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து செய்த ஒயின், நொதித்து முடிந்ததும் 228 லிட்டர் கொள்ளும் பழைய ஓக் பீப்பாய்களுக்கு மாற்றப்படுகிறது. சர்க்கரை முழுவதும் தீர்ந்துபோன அந்த ஒயினின் மேல், ஈஸ்ட் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய சாம்பல் நிறப் படலமாகப் படர்கின்றன. அவை அங்கே ஆல்கஹாலையே உணவாகக் கொண்டு, காற்றின் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு வாழ்கின்றன. ஆக்சிஜன் படலத்திலேயே பெருமளவு செலவாகிவிடுவதால், கீழே இருக்கும் ஒயினுக்குள் அது நேராகப் போய்ச் சேர்வதில்லை. ஆல்கஹாலின் ஒரு பகுதி அசிட்டால்டிஹைடு என்னும் சேர்மமாக மாறுகிறது. பச்சை ஆப்பிளும் வாதுமைக் கொட்டையும் கலந்தாற்போன்ற அந்த வாசனைக்கு அது ஒரு காரணம். ஆண்டுகள் செல்லச் செல்ல சோட்டோலான் என்னும் சேர்மமும் பெருகுகிறது. வெந்தயத்துக்கு அதன் மணத்தைத் தருவதும் இதே சேர்மம்தான். உங்கள் வகுப்புத் தோழர்கள் ‘கெட்டுப்போனது’ என்று எண்ணிய மணத்தில் பெரும்பங்கு இதனுடையதாக இருக்கலாம்.

எல்லாப் பீப்பாயும் தப்பிப் பிழைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படலம் கிழிந்தாலோ சரியாகப் பிடிக்காமல் போனாலோ காடித்தன்மை ஏறத் தொடங்கும். அதனால் பீப்பாயின் முகப்பலகையில் துளையிட்டுச் சிறு மர ஆணி செருகி வைத்திருப்பார்கள். மேலே இருக்கும் படலத்தைக் கலைக்காமல் அந்தத் துளை வழியாகச் சிறிதளவு ஒயினை எடுத்துச் சோதிக்கலாம். தேறாத பீப்பாய்கள் வேறு ஒயினுக்குப் போகும், சில காடிக்கே போகும். ஆழமான, எப்போதும் ஒரே குளிர்ச்சியுள்ள நிலவறையைப் பிற பகுதிகளில் தேடி அலைகிறார்கள். மஞ்சள் ஒயினுக்கோ பருவத்துக்குப் பருவம் வெப்பநிலை ஏறி இறங்கும், காற்றோட்டமுள்ள அறைகளையே இவர்கள் விரும்புகிறார்கள். குளிர்காலத்தில் படலம் ஓய்ந்து கிடக்கும், வசந்தத்தில் மீண்டும் தழைக்கும்.

விதிப்படி, அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரையாவது இந்த ஒயின் முதிர வேண்டும். அதில் குறைந்தது 60 மாதங்கள் நிரப்பாமல், படலத்தின் கீழேயே கழிய வேண்டும். ஒரு லிட்டர் ஒயின் பீப்பாய்க்குள் போனால் ஏறத்தாழ 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்று ஜூராக்காரர்கள் சொல்வார்கள். ‘கிளாவ்லான்’ என்னும் குட்டையான, தோள் அகன்ற புட்டியின் அளவை இந்தக் கணக்கைக் கொண்டே விளக்குவது வழக்கம். ஒவ்வொரு பீப்பாயிலும் இழப்பு துல்லியமாக இதே அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலவறையின் ஈரமும் வெப்பமும் அதை மாற்றும்.

கல்வெட்டு

தேன்மொழி அம்மையார் அறிவியலைச் சொல்லிவிட்டார்கள். வரலாற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ்டர் 1822-இல் இப்பகுதியின் டோல் நகரில் பிறந்து, ஆர்புவாவில் வளர்ந்தவர். அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. ஏற்றுமதியான ஒயின்கள் வழியில் கெட்டுப்போவது பிரெஞ்சு வணிகத்துக்குப் பெருந்தலைவலியாக இருந்ததால், 1863-இல் மூன்றாம் நெப்போலியன் அதற்கான காரணத்தைக் கண்டறியும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். பாஸ்டர் பாரிசிலேயே இருந்துவிடாமல் 1864 கோடையில் உதவியாளர்களோடு ஆர்புவாவுக்கு வந்து தற்காலிக ஆய்வகம் ஒன்றை அமைத்தார். தாம் வளர்ந்த ஊரின் ஒயின்களையே நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒவ்வொரு கெடுதலுக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் காரணமாவதைக் காட்டினார். காற்று புகாமல் ஒயினைச் சிறிது நேரம் 50 முதல் 60 பாகை வரை சூடாக்கினால் அவை செயலிழக்கும் என்பது அந்த ஆய்வின் பயன்; இன்று பாலுக்குச் செய்யும் பதப்படுத்தலின் வேர் இதுவே. ஒயின் பற்றிய அவரது நூல் 1866-இல் வெளிவந்தது. மிகக் குறைந்த அளவில், மெதுவாகச் சேரும் ஆக்சிஜன் ஒயினை முதிர்விக்கவும் செய்கிறது என்று அவர் அதில் காட்டியிருப்பது உங்கள் கேள்விக்கு நெருக்கமானது.

எனக்கு அதைவிட வியப்பூட்டுவது 1878-இல் அவர் செய்த சோதனை. நொதித்தலை உண்டாக்கும் ஈஸ்ட் பழத்துக்குள்ளேயே தோன்றுகிறதா, வெளியிலிருந்து வந்து தோலில் படிகிறதா என்ற விவாதம், உடலியலாளர் குளோத் பெர்னாரின் மறைவுக்குப் பின் வெளியான அவருடைய குறிப்புகளால் மீண்டும் எழுந்தது. ஆர்புவாவுக்கு அருகே சில ஆண்டுகளுக்கு முன்பு தாம் வாங்கியிருந்த திராட்சைத் தோட்டத்தில், பழம் இன்னும் பச்சையாக இருந்தபோதே, கொடிகளின் மேல் கண்ணாடி வீடுகளைக் கட்டினார் பாஸ்டர். உள்ளே இருந்த குலைகள் சிலவற்றைப் பஞ்சால் பொதிந்தும் வைத்தார். அக்டோபரில் அவற்றைப் பறித்துப் பிழிந்தபோது சாறு நொதிக்கவில்லை. வெளியே வளர்ந்த குலைகளின் சாறோ வழக்கம்போல் நொதித்தது. ஒரு பெரும் அறிவியல் விவாதத்துக்கு ஒரு சிறு தோட்டத்திலிருந்து விடை கிடைத்ததைப் போல நிறைவு தருவது எனக்கு வேறில்லை. அந்தத் தோட்டம் இன்றும் பேணப்படுகிறது.

தோட்டங்கள் சுருங்கியதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டில் ஜூராவில் சுமார் 20,000 ஹெக்டேரில் திராட்சை இருந்தது; இன்று அது ஏறத்தாழ 2,000 ஹெக்டேர்தான். வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி அந்நூற்றாண்டின் இறுதியில் கொடிகளை அழித்தது. அமெரிக்கக் கொடிகளின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவதே தீர்வு என்று தெரிந்த பின்பும், செங்குத்தான சரிவுகளில் மறுபடி நட்டு வளர்க்கும் செலவைச் சிறு விவசாயிகளால் தாங்க முடியவில்லை. இந்த ஒட்டுமுறைக்காக உழைத்தவர்களுள் ஒருவரான அலெக்சி மில்லார்தே இதே ஜூராவில் பிறந்தவர் என்பது ஒரு பொருத்தம். அதே காலத்தில் ரயில்பாதை தெற்குப் பகுதியின் மலிவான ஒயினைக் கொண்டுவந்து குவித்தது. பின்னர் முதல் உலகப்போர் கிராமங்களின் இளைஞர்களைக் கொண்டுபோனது. கைவிடப்பட்ட சரிவுகள் மேய்ச்சல் நிலமாகவும் காடாகவும் மாறின.

இருந்தாலும் இப்பகுதி மக்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1906-இல் ஆர்புவா விவசாயிகள் தொடங்கிய கூட்டுறவு நிலவறை பிரான்சின் மிகப் பழைய கூட்டுறவு நிலவறைகளுள் ஒன்று. 1936 மே மாதம் பிரான்சு அரசு ஒயினுக்கான ஊர்ப்பெயர்ச் சான்றுகளை முதன்முதலாக வழங்கத் தொடங்கியபோது, முதல் சிலவற்றுள் ஆர்புவாவும் இடம்பெற்றது. அதே மாதம் மஞ்சள் ஒயினுக்கு மட்டுமே உரிய, ஷாதோ ஷாலோன் என்னும் ஊரின் சான்றும் வந்தது. அறுவடைக்கு முன் தோட்டங்களைப் பார்வையிட்டு, பழம் தகுதியானதா என்று அங்கே முடிவு செய்கிறார்கள். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பெயரில் ஒயினே வெளிவரவில்லை. ஓர் ஆண்டு வருமானத்தையே விட்டுக்கொடுத்துப் பெயரைக் காக்கும் இந்த உறுதியை நான் மிக மதிக்கிறேன்.

மருதநிலம்

மேலே உள்ள இரு பதில்களும் நன்று. ஆனால் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஜூரா என்றாலே மஞ்சள் ஒயின் என்று மாணவர்கள் மனத்தில் பதிவது இப்பகுதிக்குச் செய்யும் அநீதி. அங்கே விளைவதில் அது சிறுபங்குதான். அதிகம் நடப்பட்டிருக்கும் திராட்சையும் சாவன்யான் அன்று, ஷார்டொனே.

சிவப்புத் திராட்சைகளில் பினோ நுவார் பர்கண்டியிலிருந்து வந்தது. பூல்சார், த்ரூசோ இரண்டும் இம்மண்ணுக்கே உரியவையாகக் கருதப்படுபவை. பூல்சாரின் தோல் மிக மெல்லியது, அதனால் அதன் ஒயின் பல சமயங்களில் ரோசே (இளஞ்சிவப்பு ஒயின்) என்று நினைக்கும் அளவுக்கு வெளிறியிருக்கும். த்ரூசோவுக்கு வெப்பம் வேண்டும், ஆகவே சரளைக்கல் நிறைந்த, வெயில் படும் சரிவுகளை அதற்கு ஒதுக்குவார்கள். இதே திராட்சை போர்ச்சுகலில் பஸ்தார்தோ என்ற பெயரில் வளர்கிறது. சாவன்யானுக்கோ சாம்பலும் நீலமும் கலந்த சுண்ணாம்புக் களிமண் ஏற்றது. ‘ஜுராசிக்’ என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட காலகட்டத்துக்குப் பெயர் தந்த மலை இதுவே.

உணவகத்தில் பணிபுரியப் போகும் உங்களுக்கு இதைவிட முக்கியம் பரிமாறும் முறை. ஜூராவின் வெள்ளை ஒயின்கள் இரு வழிகளில் செய்யப்படுகின்றன. பீப்பாயை நிரப்பிக்கொண்டே வந்தால் ‘உய்யே’. பழமும் மலரும் மணக்கும் தெளிந்த ஒயின் அது. நிரப்பாமல் படலத்தின் கீழ் சில காலம் வைத்தது ‘சூ வுவால்’; மஞ்சள் ஒயின் அளவுக்கு நீண்ட காலம் முதிராவிட்டாலும் அதே கொட்டை மணம் அதில் தலைகாட்டும். இரண்டுக்கும் ஒரே திராட்சை, ஒரே ஊர்ப்பெயர் இருக்கலாம். வாடிக்கையாளர் ஷார்டொனே என்று கேட்டு, நீங்கள் சொல்லாமல் படல ஒயினைக் கொண்டுபோய் வைத்தால், அவர் அதைத் திருப்பி அனுப்புவதில் வியப்பில்லை. ஆகவே புட்டியின் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். அங்கேயும் தெளிவாக இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: ஜூராவில் சிவப்பை முதலிலும் வெள்ளையைப் பின்னரும் சுவைப்பதே வழக்கம். மென்மையான பூல்சாரை ஒரு படல ஒயினுக்குப் பிறகு குடித்தால் தண்ணீர்போல் தோன்றும்.

உலர்த்திய திராட்சையிலிருந்து செய்யும் இனிப்பான ‘வான் த பாய்’, நொதிக்காத சாற்றில் மூன்றில் ஒரு பங்கு திராட்சைச் சக்கை பிராந்தி சேர்த்த மக்வான், நுரைக்கும் கிரெமான் ஆகியவையும் உங்கள் பாடத்தில் வரும். அவற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

அகவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மேலும் இரண்டு ஐயங்கள். ஸ்பெயினின் ஃபினோ ஷெர்ரி என்னும் ஒயினும் ஈஸ்ட் படலத்தின் கீழ்தான் முதிர்கிறது; அப்படியானால் இரண்டையும் ஒரே வகை என்று சொல்லலாமா? மஞ்சள் ஒயினை எந்த வெப்பநிலையில் பரிமாற வேண்டும்? திறந்த புட்டி எவ்வளவு காலம் தாங்கும்?

தேன்மொழி

படலம் பொதுவானது, மற்றவை வேறு. ஃபினோவில் ஆல்கஹால் ஏறத்தாழ 15 விழுக்காடு வரும்படி மதுசாரம் சேர்க்கிறார்கள். பின்னர் இளைய ஒயினை மூத்த ஒயினோடு அடுக்கடுக்காகக் கலந்துகொண்டே வருகிறார்கள். புதிய ஒயின் சேரும்போதெல்லாம் படலத்துக்கும் புதிய ஊட்டம் கிடைக்கிறது. மஞ்சள் ஒயினில் மதுசாரம் சேர்ப்பதும் இல்லை, இப்படி இளையதைச் சேர்த்து ஊட்டுவதும் இல்லை. சாவன்யானின் கூர்மையான புளிப்பும் சேர்ந்துகொள்வதால், இரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்தால் குழப்பம் வராது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். 14 முதல் 16 பாகை வரை சரியாக இருக்கும். பரிமாறுவதற்குச் சில மணி நேரம் முன்பே திறந்துவைத்தால் மணம் விரியும். ஆக்சிஜனோடு ஆண்டுக்கணக்கில் பழகிய ஒயின் ஆதலால், தக்கையிட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் திறந்த புட்டியும் சில வாரங்கள் தாங்கும். குவளைக் கணக்கில் விற்கும் உணவகத்துக்கு இது பெரும் வசதி. திறக்காத புட்டியின் ஆயுளோ பல பத்தாண்டுகள். 1774-ஆம் ஆண்டின் மஞ்சள் ஒயின் புட்டி ஒன்று 2018-இல் லோன் ல சோனியே நகரில் நடந்த ஏலத்தில் 1,03,700 யூரோவுக்கு விலைபோனது.

உணவோடு என்றால், நன்கு முதிர்ந்த கோன்தே பாலாடைக்கட்டியையே முதலில் வைத்துப் பாருங்கள். அதே மலைப்பகுதிப் பசுக்களின் பாலில் செய்வது அது. மொரேல் காளானும் பாலேடும் சேர்த்து இதே ஒயினில் சமைக்கும் கோழிக்கறி ஜூரா சமையலறைகளின் பெருமை. சமையலுக்கு முழுப் புட்டியையும் ஊற்ற மனம் வராதவர்கள் சாவன்யானின் எளிய படல ஒயினைச் சட்டிக்கும், மஞ்சள் ஒயினைக் குவளைக்கும் வைத்துக்கொள்கிறார்கள்.