பெய்ஜ் லெதர் சீட்டைக் கருப்பாக்க என்ன வழி?

கேள்வி:
காரின் பெய்ஜ் (வெளிர் பழுப்பு) லெதர் சீட்டைக் கருப்பாக்கணும். நாமே செய்யலாமா, சிங்கப்பூர் காக்கி புக்கிட் பக்கம் பட்டறையில் விடலாமா? முன் சீட்டு இரண்டிலும் காற்றுத் துளைகள் இருக்கு.

பதில் 1:
வெளிர் நிறத்திலிருந்து கருப்பு சுலபம். கருப்பிலிருந்து பெய்ஜ்தான் பெரும்பாடு. சாயம் நிற்பதும் உரிவதும் சுத்தம் செய்வதில்தான். முதலில் லெதர் கிளீனர், பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணி. பழைய சிலிகான் பாலிஷ் மிச்சமிருந்தால் சாயம் ஏடு ஏடாகக் கிளம்பிடும். 800 கிரிட் உப்புத்தாளால் லேசாகத் தேய்ங்க, பளபளப்பு போனால் போதும். தண்ணீரில் கரையும் லெதர் சாயத்தை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிசாக 4, 5 கோட். தடிப்பாகப் பூசினால் மடிப்பில் வெடிக்கும். கடைசியில் மேட் சீலர் (பளபளக்காத பாதுகாப்புப் பூச்சு), 2 கோட்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் துளை உள்ள இடத்தில் ஸ்பாஞ்ச் வேண்டாம், அடைச்சுக்கும், சாயத்தைத் தூவும் ஏர்பிரஷ்தான். நம்ம ஊர் ஈரப்பதத்தில் காய நேரமாகும், ஒவ்வொரு கோட்டுக்கும் ஹேர் டிரையர் பிடிங்க. ஷூ பாலிஷ் வேண்டவே வேண்டாம், வேர்வைபட்டால் சட்டையில் ஒட்டும்.

பதில் 3:
ஓட்டுநர் சீட்டின் ஓரம் வெடிச்சிருந்தால் பட்டறையே மேல். வெடிப்பை அடைக்கும் ஃபில்லர் வேலைக்குக் கைப்பழக்கம் வேணும். புது உறையே தைப்பதென்றால், பக்கவாட்டு ஏர்பேக் இருக்கான்னு பாருங்க. அது கிழித்து வரும் தையலுக்குத் தனி நூல். சாதாரண நூலில் தைக்க விடாதீங்க.