முதல் பெட்டியில் என்ன நடந்தது?

இடைக்காலப் போர்வீரர்களின் சின்னஞ்சிறு உருவங்களை ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசையில் போருக்கு நிறுத்தும் எல்லோருக்கும் ஒரு முதல் பெட்டி இருந்திருக்கும். அதில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எந்தத் தூரிகை நல்லது, எந்த வண்ணம் சிறந்தது என்பதெல்லாம் எங்கும் படிக்கக் கிடைக்கிறது. உங்கள் கை எங்கே தடுமாறியது, எந்த வீரன் உங்களை நிறுத்தி யோசிக்கவைத்தான், அதைத்தான் கேட்க ஆசை. நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது பெரி மினியேச்சர்ஸ் என்ற நிறுவனத்தின் ரோஜாப் போர்க் காலாட்படை. ரோஜாப் போர்கள் என்றால் பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார்க், லங்காஸ்டர் என்ற இரு தரப்புகள் அரியணைக்காக மோதிய உள்நாட்டுப் போர்கள். 28 மி.மீ. அளவு, ஒரு பெட்டியில் 40 பேர். தலையும் கையும் தனித்தனியாக வரும். வில்லாளியாகவும் செய்யலாம், நீண்ட கழியின் நுனியில் கொக்கியும் வெட்டுவாயும் கொண்ட ‘பில்’ என்ற ஆயுதத்தை ஏந்தியவனாகவும் செய்யலாம். பெட்டி வந்த இரவே, இருந்த ஆர்வத்தில், எல்லா உறுப்புகளையும் ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது அவை ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டி ஒரே தட்டில் கொட்டிவிட்டேன். மறுநாள் உட்கார்ந்தால் தட்டு நிறையக் கைகள். கழியைப் பிடித்த இந்த வலது கைக்கு எந்த இடது கை ஜோடி என்று தெரியவில்லை. ஸ்ப்ரூவில் இருந்தவரை ஜோடிகள் அருகருகே இருந்தன. அந்த ஒழுங்கை நானே கலைத்துவிட்டேன். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தே நான்கு மாலைகள் போயின. இப்போதெல்லாம் ஒரு வீரனுக்கு வேண்டியதை மட்டும் வெட்டுகிறேன். அவனை ஒட்டி முடித்த பிறகுதான் அடுத்தவன்.

இரண்டாவது, மோல்ட் லைன். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் மெல்லிய வரம்பு. முதல் பத்துப் பேருக்கு அதைச் சுரண்டாமல் விட்டேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே தெரியவில்லை. பிரைமர் எனும் அடிப்பூச்சைக் கறுப்பில் அடித்து, தலைக்கவசத்தின் மேல் வெள்ளி வண்ணத்தை டிரை பிரஷ் செய்தபோதுதான், அதாவது ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் லேசாகத் தேய்த்தபோதுதான் தெரிந்தது. டிரை பிரஷ் மேடான இடங்களைத் தேடிப் போய்ப் பிடிக்கும். பத்துக் கவசங்களிலும் நெற்றி முதல் பிடரி வரை ஒரு வெள்ளிக் கோடு ஓடியது. கத்தியின் முதுகால் மெல்ல இழுத்திருந்தால் ஒருவனுக்கு இரண்டு நிமிட வேலை.

ஆனால் என் மனதில் தங்கியது இவை இரண்டும் அல்ல. நாற்பது பேருக்கும் உடம்பு முழுக்க எஃகு நிறம் கொடுக்கத்தான் எண்ணியிருந்தேன். இடைக்காலம் என்றால் பளபளக்கும் இரும்பு என்பது என் நினைப்பு. தீட்டத் தொடங்கியபோது பெரும்பாலான உடல்களில் இரும்பே இல்லை. தைத்த மடிப்புகள்தான் இருந்தன. 1483-ல் லண்டனில் இருந்த டொமினிக் மான்சினி என்ற இத்தாலியர் இதை எழுதிவைத்திருக்கிறார்: சாதாரண வீரர்கள் மார்பில் இரும்பு அணிவதில்லை, உள்ளே நார் அடைத்த மெத்தென்ற அங்கிதான் அணிகிறார்கள், அங்கி எவ்வளவு மென்மையோ அவ்வளவுக்கு அம்பையும் வாளையும் தாங்கும் என்று அவர்களே சொல்கிறார்கள் என்று. அதைப் படித்த பிறகு எஃகு நிறப் புட்டியை மூடிவைத்துவிட்டு, சாயம் ஏற்றாத லினன் துணியின் நிறத்தைக் கலக்கத் தொடங்கினேன். வெளிர் பழுப்பு அங்கியும் தலையில் மட்டும் இரும்புமாக நின்ற முதல் வீரனைப் பார்த்தபோது, ஒரு நிஜ மனிதனைப் பார்த்த மாதிரி இருந்தது.

* * *

அண்ணா, நீங்கள் கைகளோடு பட்ட பாட்டை நான் முகங்களோடு பட்டேன்.

எனக்குப் பசை என்றால் பசைதான். பிளாஸ்டிக் சிமெண்ட் வேறு ஆள் என்று அப்போது தெரியாது. சூப்பர் க்ளூ இரண்டு பரப்புகளுக்கு நடுவே இறுகிப் பிடிக்கிறது. பிளாஸ்டிக் சிமெண்ட், வீரர்களைச் செய்த பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. ஒட்டிய இடம் பலமாக இருப்பதற்குக் காரணமும் அதுதான், அதிகமாக வைத்தால் முகம் போவதற்குக் காரணமும் அதுதான். ஒரு தளபதியின் கழுத்தில் தாராளமாக வைத்துத் தலையை அழுத்தினேன். பசை பிதுங்கி மேலேறியது, விரலால் துடைத்தேன். துடைத்த விரலோடு மூக்கும் மீசையும் வந்துவிட்டன. என் விரல் ரேகை அவர் கன்னத்தில் இன்னும் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். பிறகு ஒரு நாள், பிடிக்காத வண்ணத்தை எடுக்க நகப்பூச்சு நீக்கியில் மூன்று வீரர்களை ஊறவைத்தேன். அதில் அசிட்டோன் இருந்தது. பாலிஸ்டைரீன் அசிட்டோனில் நிற்காது. திரும்பி வந்து பார்த்தபோது அடியில் சாம்பல் நிறக் கூழ்தான் கிடந்தது. அக்ரிலிக் வண்ணத்தை எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும், பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும். முதலில் ஸ்ப்ரூத் துண்டு ஒன்றைப் போட்டுச் சோதித்துவிட்டு வீரனைப் போடுங்கள். புதிதாக வரும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

* * *

நான் தொடங்கியது கடினப் பிளாஸ்டிக்கில் அல்ல. 1/72 அளவில், வளைந்து கொடுக்கும் மென்பிளாஸ்டிக் வீரர்கள். சின்ன வயதில் கிடைத்தவை. அவர்களின் ஈட்டி வளையும், வாள் வளையும், வளையும்போது வண்ணம் செதில் செதிலாக உதிரும். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் மேசைத் துணியில் சிவப்பும் நீலமுமாகத் துகள்கள். ஆடியதால் தேய்கிறது, அவ்வளவுதான் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

உண்மையில் நான் அவர்களைக் கழுவியதே இல்லை. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசும் எண்ணெய்ப் பசை மேலே இருந்துகொண்டு வண்ணத்தைப் பிடிக்கவிடவில்லை. மிதமான சூட்டில் சோப்பு நீர், மென்மையான தூரிகை, நன்றாக உலரவிடுதல். பிறகு வளைவுக்கு ஈடுகொடுக்கும் ஓர் அடிப்பூச்சு. நான் நீர் கலந்த வெள்ளைப் பசையையே பூசினேன். அந்தப் பழைய வீரர்களில் இருபது பேரை அப்படித் திரும்பத் தீட்டினேன். ஈட்டிமுனைகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் உதிர்கிறது. மற்ற இடமெல்லாம் நிற்கிறது.

* * *

என் கதை வெள்ளை மேலாடையைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ட்யூட்டானிக் குதிரை வீரர்கள் மீது எனக்கு வெகுநாள் ஈர்ப்பு. 1190-ல், சிலுவைப் போரில், ஆக்கர் நகர முற்றுகையின்போது மருத்துவப் பணிக்காகத் தொடங்கிய ஒரு குழு, பிறகு போர் வீரர் அமைப்பாகி, பால்டிக் கரையில் தனி நாடே நடத்தியது. வெள்ளை மேலாடையில் கறுப்புச் சிலுவை. இரண்டே நிறம்தானே, எளிது என்று நினைத்தேன். இரண்டு நிறத்தில் தவறை ஒளித்துவைக்க இடம் கிடையாது என்பது பிறகுதான் புரிந்தது. வெள்ளையை நேராகப் பூசினால் திட்டுத் திட்டாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி வரும். முதலில் வெளிர் சாம்பல், அதன் மேல் எலும்பு நிறம், மடிப்பின் உச்சிகளில் மட்டும் தூய வெள்ளை. ஒவ்வொரு பூச்சும் பால் போல நீர்த்து இருக்க வேண்டும். ஒரு குதிரைவீரனுக்கு மூன்று இரவுகள். பன்னிரண்டு பேர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தது. கடைசி வேலை மேட் வார்னிஷ் ஸ்பிரே, பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு. அன்று காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது. மறுநாள் ஆட்டம் இருந்ததால் காத்திருக்க மனமில்லை. வாசலில் நின்று பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூச்சில் அடித்தேன். அரை மணி நேரத்தில் கறுப்புச் சிலுவைகள் எல்லாம் சாம்பலாயின. குதிரைகளின் பழுப்பு மேல் பனி படர்ந்தாற்போல ஒரு வெண்மை. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வார்னிஷ் தெளிவாக உலராது, மங்கலாகிவிடும். மேட் வார்னிஷில் இது இன்னும் மோசம். முப்பத்தாறு இரவுகளின் வேலை கண்ணெதிரே வெளுத்துப்போவதைப் பார்த்தேன். அன்று இரவு சாப்பிட முடியவில்லை.

அவர்களை மீட்டுத் தந்தது கிளாஸ் வார்னிஷ். எதிர்பார்ப்பு ஏதும் இல்லாமல்தான் ஒரு சிலுவையின் மேல் தூரிகையால் பூசினேன். நிறம் திரும்பி வந்தது. மங்கலுக்குக் காரணமான நுண்ணிய சொரசொரப்பை அந்தப் பளபளப்புப் பூச்சு நிரப்பிவிடுகிறது. பன்னிரண்டு பேருக்கும் பூசி, இரண்டு நாள் உலரவிட்டு, அதன் மேல் தூரிகையாலேயே மேட் பூசினேன். ஒரே ஒரு குதிரையின் பின்தொடையில் மட்டும் வெண்மை போகவில்லை. அந்தக் குதிரையை 1242 ஏப்ரலில் பீப்பஸ் ஏரியின் உறைபனி மேல் நடந்த போருக்கு வைத்துக்கொண்டேன். அந்த மேசையில் பனி பொருத்தமாகவே இருந்தது.

பிரைமருக்கும் இதே விதிதான். ஈரமான நாளில் அடிக்காதீர்கள். மிகவும் தள்ளி நின்று அடித்தால் பூச்சு காற்றிலேயே உலர்ந்து மணல்போல் படியும், மிக அருகில் அடித்தால் முகத்தின் நுணுக்கம் மூழ்கிவிடும். எனக்கு 25 செ.மீ. ஒத்துவருகிறது.

* * *

வார்னிஷ் அனுபவம் படித்து மனம் கனத்துவிட்டது. சிலுவைகள் திரும்பி வந்ததில் நிம்மதி.

என்னுடையது சின்ன விஷயம்: கண்கள். தோலைத் தீட்டி முடித்துவிட்டுக் கடைசியில் கண்ணைப் போடுவேன். ஒவ்வொருவனும் திடுக்கிட்டு விழித்தமாதிரி இருப்பான். திருத்தத் திருத்தக் கண் பெரிதாகிக்கொண்டே போகும். வரிசையை மாற்றிய பிறகு எல்லாம் சரியானது. முதலில் கண்குழியில் ஒரு வெள்ளைக் கீற்று, அதன் நடுவே கறுப்புச் செங்குத்துக் கோடு, எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு தோல் நிறத்தால் மேலும் கீழும் மூடிக்கொண்டு வந்தால் இமைகள் தாமாக உருவாகும். கண்ணின் அளவை வெள்ளை தீர்மானிப்பதில்லை, தோல் தீர்மானிக்கிறது. பின்வரிசைக்காரர்களுக்குக் கண்ணே வேண்டாம், கவச விளிம்பின் கீழ் ஒரு நிழல் போதும்.

* * *

எல்லோரும் தூரிகை பற்றிச் சொன்னீர்கள். நான் ஆட்டத்தின்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதுவும் வண்ணத்தில் தொடங்கியதுதான்.

என் முதல் படை லங்காஸ்டர் தரப்பில் நின்ற ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் ஆட்கள், 24 பேர். ரோஜாப் போர்களில் நாடு முழுவதற்கும் பொதுவான சீருடை கிடையாது. அவரவர் பிரபுவின் நிறமும் மார்பில் அவருடைய சின்னமும்தான். ஆக்ஸ்ஃபோர்டின் சின்னம் கதிர் வீசும் நட்சத்திரம். 28 மி.மீ. வீரனின் மார்பில் அதைத் தீட்டுவதற்குத் தூரிகையின் நுனி மயிர் இரண்டு போதும். முதல் ஆறு நட்சத்திரங்கள் வெறும் புள்ளிகளாகவே வந்தன. வண்ணம் நுனியிலேயே உலர்ந்துபோனதுதான் காரணம். உலர்வைத் தாமதிக்கும் கலவையை ஒரு சொட்டு சேர்த்ததும் கதிர்கள் இழுபட்டன. அதன் பிறகு உற்சாகம் மிஞ்சி, கதிர்களை அதிகமாகவே இழுத்துவிட்டேன்.

பிறகு பார்னெட் போரை மேசையில் ஆடினோம். 1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு, அடர்ந்த மூடுபனி. உண்மையில் நடந்தது இது: ஆக்ஸ்ஃபோர்டின் ஆட்கள் எதிரே நின்ற யார்க் அணியை உடைத்துத் துரத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது பனிக்குள் தம் சொந்தத் தரப்புப் படைக்கு எதிரிலேயே வந்து சேர்ந்தார்கள். அங்கே நின்றவர்கள் கதிர் வீசும் நட்சத்திரத்தை யார்க் தரப்பு மன்னர் நான்காம் எட்வர்டின் கதிர் வீசும் சூரியன் என்று எண்ணி அம்பு எய்துவிட்டார்கள் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. துரோகம், துரோகம் என்று கூச்சல் எழுந்து அணி சிதறியது. லங்காஸ்டர் தரப்பின் தலைவர் வாரிக் பிரபு அன்று கொல்லப்பட்டார்.

எங்கள் விதியில் மூடுபனி வெறும் ஒரு எண். பார்க்கும் தூரம் குறையும், அவ்வளவுதான். ஆட்டம் நீண்டு, அறையில் வெளிச்சம் குறைந்துவிட்டது. என் 24 பேரையும் மேசையைச் சுற்றிக் கொண்டுவந்து என் கூட்டாளியின் வில்லாளிகளுக்கு எதிரில் வைத்தேன். அவர் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார். பகடையை எடுத்துக்கொண்டே கேட்டார்: “இவங்க மார்புல இருக்கிறது சூரியன்தானே? எட்வர்டோட ஆளுங்களா?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. பார்னெட்டைப் பற்றி எத்தனையோ முறை படித்திருக்கிறேன்; ஒரு சின்னத்தை எப்படித் தவறாகப் பார்க்க முடியும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டதுண்டு. ஒரு மேசை அகலத்தில், அம்பு பறக்காத, யாரும் சாகாத அறையில், என் நண்பருக்கே அது சூரியனாகத் தெரிந்தது. அவரிடம் பகடையைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. எறியுங்கள் என்றேன். ஐந்து பேர் விழுந்தார்கள்.

நட்சத்திரங்களைத் திருத்தித் தீட்டலாம் என்று அவரே பிறகு சொன்னார். ஒருவனை எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன், திருப்பி வைத்துவிட்டேன். இப்போது எட்வர்டின் படைக்கான பெட்டி மேசையில் திறந்திருக்கிறது. முதல் வீரனை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறேன். சூரியனுக்கு எத்தனை கதிர் இழுப்பது என்று காகிதத்தில் வரைந்து, நட்சத்திரக்காரர்களின் பக்கத்தில் வைத்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.