குப்பைமேட்டுக்குக் கீழே ஒரு அடிபம்பு

குப்பைக்கிடங்குகளைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுப்பது என் வேலை. 11 வருடம் ஆகிறது. முதல் வருடம் நடந்த ஒன்றை இங்கே எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஒரு சிறு நகரத்தின் குப்பைக்கிடங்கு. நிலத்தடி நீர் வரும் மேட்டுப் பக்கம் ஒரு கிணறு, அது ஓடும் பள்ளத்துப் பக்கம் மூன்று. கிணறு என்றால் 4 அங்குல பிவிசி குழாயும் பூட்டுப் போட்ட மூடியும்தான். தண்ணீர் அள்ளும் நீளக் குழலான பெயிலரைக் கயிற்றில் இறக்கினேன், மேலாக நின்ற தண்ணீரை அள்ளி பாட்டிலில் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் நாலும் முடிந்தது. லேப் முடிவில் எல்லாம் சுத்தம். அங்கிருந்த மூத்தவர் ஒன்றுதான் கேட்டார்: “எவ்வளவு தண்ணிய வெளியே எடுத்தே?” ஒரு சொட்டும் எடுக்கவில்லை.

குழாய்க்குள் மாதக்கணக்கில் தேங்கியது நிலத்தடி நீர் ஆகாது. காற்றுபட்டு இரும்பு அடியில் படிந்திருக்கும், நாற்றம் போயிருக்கும். அதை இறைத்துவிட்டு, மண்ணிலிருந்து புதுத் தண்ணீர் ஊறி வந்த பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். 4 அங்குலக் குழாயில் மீட்டருக்கு சுமார் 8 லிட்டர். 10 மீட்டர் நின்றால் 80 லிட்டர். மூன்று மடங்கு இறைக்க 240 லிட்டர். பி.எச், மின்கடத்துதிறன், வெப்பநிலை மூன்றும் ஏறி இறங்காமல் நிலைத்தால்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும். மேட்டுப் பக்கத்தில் தொடங்கி, மோசமான கிணற்றைக் கடைசியில் தொட வேண்டும். இல்லாவிட்டால் நாமே அழுக்கைச் சுத்தமான கிணற்றுக்குக் கொண்டுபோவோம்.

மறு வாரம் திரும்பப் போய் இறைத்தேன். மூன்றாவது கிணற்றில் 60 லிட்டர் தாண்டியதும் வாடை மாறியது. அழுகின முட்டையும் சாக்கடையும் கலந்த வாடை. வாளியில் விழுந்தது டீ டிகாக்‌ஷன் நிறம். நிமிர்ந்து பார்த்தால், 200 அடி தள்ளி ஒரு அம்மா அடிபம்பில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வாளியையும் அந்தக் குடத்தையும் என்னால் இன்றுவரை பிரித்து நினைக்க முடியவில்லை.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் வீடும் ஒரு குப்பைமேட்டுக்குக் கீழேதான். பம்பில் அடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும். எவர்சில்வர் குடத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் செம்மண் கரைத்த மாதிரி ஆகி, மேலே எண்ணெய் போல ஒரு ஆடை மிதக்கும். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை இரண்டே மாதத்தில் பழுப்பு. மாமியார் எப்போதும் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார்.

ஃபில்டர் விற்க வந்தவர், தண்ணீரில் கரைந்ததை அளக்கும் டி.டி.எஸ் மீட்டரை விட்டுப் பார்த்து 780 என்றார், பயமில்லை என்றார். பிறகு நாங்களே ஒரு இடத்தில் சோதிக்கக் கொடுத்தோம். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம், உங்களுக்கு 6தான் என்றார்கள். அந்தத் தாளை பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை நம்பித்தான் இரண்டு வருடமாகக் குடிக்கிறோம்.

* * *

அக்கா, அந்தத் தாளை நம்பி இருக்காதீர்கள். குப்பைக்கு அடியில் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே நைட்ரேட் தங்காது, நைட்ரஜன் அம்மோனியாவாகவே கிடக்கும். தள்ளிப் போய்க் காற்றோட்டமான இடத்தில்தான் நைட்ரேட்டாக மாறும். அதனால் கிடங்கை ஒட்டிய கிணற்றில் நைட்ரேட் குறைவு என்பது நல்ல செய்தி ஆகாது. உங்கள் குடம் சிவப்பதும் அதே காரணத்தால்தான்: ஆக்சிஜன் இல்லாத மண்ணில் இரும்பு கரைந்து நிற்கிறது, வெளியே வந்து காற்றுபட்டதும் படிகிறது. டி.டி.எஸ் மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும், ஈயம் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது.

அம்மோனியா, குளோரைடு, சி.ஓ.டி (கரிமக் கழிவு எவ்வளவு என்று காட்டும் அளவு), இரும்பு, ஈயம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியத் தரநிலைப்படி அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பழைய கோக் பாட்டிலில் பிடிக்க வேண்டாம். உலோகத்துக்கான பாட்டிலில் லேபிலேயே நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். அது இல்லாவிட்டால் இரும்பும் ஈயமும் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். முக்கியமாக, மேட்டுப் பக்கத்துக் கிணறு ஒன்றிலும் அதே நாளில் எடுங்கள்.

* * *

மேட்டுப் பக்கத்துக் கிணற்றிலும் எடுங்கள் என்று அக்காவுக்கு நான் எழுதிய கடைசி வரியை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் குளோரைடு ஏறினால் கடல்நீர் உள்ளே வந்ததாகவும் இருக்கலாம், செப்டிக் டேங்க்காகவும் இருக்கலாம். ஒப்பிட ஒரு கிணறு இல்லாவிட்டால் யாரையும் கேட்க முடியாது. 2016 திடக்கழிவு விதிகளில், குப்பை நிரப்பும் நிலத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரை கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என்று பருவம்தோறும் பார்க்க வேண்டும் என்றே இருந்தது. புதிதாகக் கட்டினால் அடியில் 90 செ.மீ. களிமண், அதன் மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்றும் இருந்தது. சென்னையின் குப்பைக்கிடங்குகளான கொடுங்கையூரும் பெருங்குடியும் இந்த விதிகளெல்லாம் வருமுன்பே தொடங்கியவை. பெருங்குடி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சதுப்பு 2022இல் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மண்ணில் இறங்கிய கசிவு குப்பையோடு லாரி ஏறிப் போகாது. குப்பை போன இடத்திலும் கிணற்றைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

* * *

அண்ணா சொன்னபடியே செய்தோம். பொங்கல் கழிந்து, எங்கள் பம்பிலும் மேட்டில் இருக்கும் கோயில் தெருக் கிணற்றிலும் ஒரே காலையில் எடுத்தோம். பம்பை அரை மணி நேரம் அடித்துவிட்டு, அப்புறம்தான் பாட்டில் பிடித்தேன். முடிவு நேற்று வந்தது. எங்கள் பம்பில் அம்மோனியா 7, கோயில் தெருவில் ஒன்றுமே இல்லை. மாமியார் தாளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். சாயங்காலம் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கோயில் தெருவுக்கு நடந்துவிட்டார்.