அம்மம்மாவின் குரல் இருக்கும் சீடி

குழு: அம்மம்மா வீட்டுப் பிள்ளைகள்

திங்கள், இரவு

சித்தி (நிலாவெளி): பிள்ளைகளே, அம்மம்மா கதை சொல்லும் சீடி ஏழாவது இடத்தில் விக்கி விக்கி ஓடுகிறது. வருகிற மாதம் ஆண்டுத் திவசம். அதற்கு முன்னர் பிரதி எடுத்து எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுக்க ஆசைப்பட்டேன். டவுனில் ஒரு கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன். அந்தச் சீடி என் செட்டில் ஓடவே இல்லை.

அண்ணா (கொழும்பு): கடைச் சீடியைக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா சித்தி? உள்ளே என்ன தெரிகிறது?

சித்தி: தம்பி போட்டுப் பார்த்தான். டிராக் 01, 02 என்று 12 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கேபி என்று காட்டுகிறதாம்.

அண்ணா: சரி, விஷயம் விளங்குகிறது. ஓடியோ சீடிக்குள் கோப்பு என்று எதுவும் கிடையாது. ஒலி மட்டும் நீளமாக எழுதப்பட்டிருக்கும். விண்டோஸ் தன் வசதிக்காக ஒவ்வொரு டிராக்குக்கும் சிடிஏ என்று முடியும் ஓர் அடையாளக் கோப்பைக் காட்டும். அதன் அளவு வெறும் 44 பைட். டிராக் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதுதான் அதில் இருக்கும். கடையில் அந்த அடையாளங்களை இழுத்து வெறும் சீடியில் போட்டிருக்கிறார்கள். அம்மம்மாவின் ஒரு சொல்கூட அதில் ஏறவில்லை.

மாமா (உப்புவெளி): அப்போ குரல் அழிந்துவிட்டதா?

அண்ணா: இல்லை மாமா, பயப்பட வேண்டாம். மூலச் சீடியில் அப்படியே இருக்கிறது. சித்தி, இனிமேல் அதைச் செட்டில் ஓட விடாதீர்கள். உறையில் போட்டு வையுங்கள். வெயில் படுகிற இடம் வேண்டாம், கதவு திறந்தால் கடல்காற்று அடிக்கிற இடமும் வேண்டாம்.

மாமா: அதைப் பத்திரமாகப் பாருங்கள். முதலில் பதிந்த கசெட் 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோடு போய்விட்டது. அம்மாவின் குரலுக்கு இந்த ஒரு சீடிதான் மிச்சம்.

அண்ணா: அதனால்தான் பிரதி அடிக்கிறதை இரண்டாவது வேலையாக வைக்க வேண்டும். முதல் வேலை, சீடியிலிருந்து ஒலியைச் சுத்தமாக வெளியே எடுப்பது. அதை எடுத்துவிட்டால் பிறகு எத்தனை சீடியும் அடிக்கலாம். தங்கச்சி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு நான் விட்டுவிட்டு வந்த பழைய லேப்டொப் வேலை செய்கிறதா?

நான்: ஓம் அண்ணா. சீடி எழுதும் யூஎஸ்பி ரைட்டரும் லாச்சிக்குள் இருக்கிறது.

சித்தி: நாளைக்குத் தம்பியிடம் ஓர்ஸ் ஹில்லில் உங்கள் வீட்டுக்குச் சீடியைக் கொடுத்து விடுகிறேன்.

செவ்வாய், மாலை

நான்: சீடி கைக்கு வந்துவிட்டது. லேப்டொப்பில் சீடி எழுதுவதற்கு இருக்கும் பாஷ்பேர்ன் நிரலைத் திறந்தேன். கறுப்புத் திரையில் எண் போட்ட பட்டியல் ஒன்று வருகிறது, வேறொன்றும் இல்லையே?

அண்ணா: அவ்வளவுதான். ஓர் எண்ணை அடித்து என்டர் தட்டினால் அடுத்த பட்டியல் வரும். ஓடியோ, டேட்டா, அமைப்பு என்று உள்ளே போகலாம், திரும்பி வரலாம். அது பாஷ் என்ற லினக்ஸ் கட்டளை மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல். தானாகச் சீடி எழுத அதற்குத் தெரியாது. நீ தெரிவு செய்வதைப் பார்த்து, பின்னால் இருக்கும் நிரல்களுக்கு நீளமான கட்டளைகளை அது கொடுக்கும். இந்த லேப்டொப்பில் உண்மையாக எழுதுகிற நிரல் வோடிம். நாங்கள் அந்தக் கட்டளைகளைப் பாடமாக்கத் தேவையில்லை. இவ்வளவு பழைய லேப்டொப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை.

நான்: ஓடியோவுக்குள் போகட்டுமா?

அண்ணா: கொஞ்சம் பொறு. முதலில் அமைப்புக்குள் போ. ரைட்டர் எது, வேகம் எவ்வளவு, சீடியில் எழுத வேண்டிய கோப்புகள் எந்த ஃபோல்டரில் என்று மூன்றையும் பார். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டர் என்று இருந்தால் மாற்றி உன் வீட்டு ஃபோல்டருக்குள் வை. பல லினக்ஸ்களில் லேப்டொப்பை அணைத்துப் போட்டால் டெம்ப் காலியாகிவிடும். இந்த மழைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல ஏலாது.

நான்: மாற்றிவிட்டேன். வேகம் 48 என்று இருக்கிறது.

அண்ணா: 16 ஆக்கு. இனி மெனுவை விட்டு வெளியே வா. ஒலி எடுக்கிற வேலையைச் சிடிபரனோயா என்ற நிரலிடம் கொடுப்போம். லேப்டொப் மூடியில் ஒட்டிய தாளில் நான் எழுதி வைத்த கட்டளை அதுதான். அதற்கு முன்னர் சீடியை மெல்லிய பருத்தித் துணியால் துடை. நடுவிலிருந்து வெளிவிளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் டிராக் போகிற திசையிலேயே விழும்.

நான்: துடைத்துவிட்டேன். ஓடுகிறது. திரையில் :-) என்று சிரிக்கிற முகம் ஒன்று வருகிறது!

அண்ணா: அது நல்ல செய்தி. சிடிபரனோயா ஒரே இடத்தை ஒன்றன்மேல் ஒன்று படும்படி வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் திரும்ப வாசிக்கும். சிரித்தால் எல்லாம் ஒழுங்கு. :-( வந்தால் கீறலைக் கண்டிருக்கிறது. ;-( என்று கண்ணீர் விட்டால் அந்த இடத்தைத் திருத்த முயன்று கைவிட்டுவிட்டது.

தங்கச்சி என்ற முறையில் உனக்குச் சொல்கிறேன், அவசரப்படுத்தாதே. ஏழாவதில் நிறைய நேரம் எடுக்கும். அது நின்றுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதே.

சித்தி: ஏழாவதுதான் குண்டு போட்ட கதை. அதுதான் எனக்கு வேண்டும்.

மாமா: 1942 ஏப்ரல் 9. யப்பான்காரன் விமானத்தில் வந்து திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் போட்ட குண்டு. அம்மா அப்போது சின்னப் பிள்ளை. காலையிலேயே சத்தம் கேட்டு எல்லாரும் கையில் கிடைத்ததோடு தம்பலகாமத்துப் பக்கம் ஓடியதைச் சொல்லியிருப்பா. அந்த நாளைப் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இனி ஒருவரும் இல்லை.

நான்: ஏழாவதில் :-( வந்துவிட்டது. ரைட்டர் முன்னும் பின்னும் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

அண்ணா: விடு. அது தன் வேலையைச் செய்யட்டும்.

நான்: முடிந்தது! கண்ணீர் வரவே இல்லை. எட்டாவதுக்குப் போய்விட்டது, திரும்பச் சிரிக்கிறது.

அம்மா: நல்ல காலம்.

அண்ணா: பன்னிரண்டும் முடிந்ததும் ஹெட்ஃபோன் போட்டு ஏழாவதை முழுதாகக் கேள். நிரல் சரி என்று சொன்னாலும் காது கேட்டுப் பார்க்க வேண்டும்.

நான்: கேட்டேன் அண்ணா. ஒரு இடத்திலும் விக்கல் இல்லை. பின்னால் காகம் கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டா.

அம்மா: தம்பலகாமத்தில் யாரோ கஞ்சி கொடுத்த இடம் வருகிறது. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

நான்: ஆனால் ஒரு சிக்கல். கோப்புகள் எல்லாம் சேர்த்து 727 எம்பி வருகிறது. வெறும் சீடியில் 700 எம்பி, 80 நிமிடம் என்று போட்டிருக்கிறது. கொள்ளாதே?

அண்ணா: கொள்ளும். ஓடியோ சீடி அடிக்கும்போது எம்பியைப் பார்க்காதே, நிமிடத்தைப் பார். மொத்தம் 72 நிமிடம்தானே. காரணத்தையும் சொல்கிறேன், தெரிந்திருப்பது நல்லது. சீடியில் ஒரு செக்கன் ஒலி 75 துண்டுகளாக இருக்கும். ஒலி எழுதும்போது ஒரு துண்டில் 2352 பைட் ஒலி போகும். அதே துண்டில் டேட்டா எழுதினால் 2048 பைட்தான் போகும். மீதி 304 பைட்டின் பெரும்பகுதி, கீறல் விழுந்தாலும் எழுதியதைக் கணக்குப் போட்டு மீட்பதற்கானது. ஒலிக்கும் அடிப்படைத் திருத்தம் உண்டு, ஆனால் இந்த மேலதிகப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் ஒலி கூடக் கொள்ளும். அதே காரணத்தால்தான் ஓடியோ சீடியை மட்டும் நம்பி அம்மம்மாவின் குரலை விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை. அதைப் பிறகு கதைப்போம்.

மாமா: மருமகன், என்னிடம் திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சீடி கொஞ்சம் இருக்கிறது. அனுப்பட்டா?

அண்ணா: ஆர்டபிள்யூ வேண்டாம் மாமா. அது ஒளியை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். உங்கள் பழைய செட்டும் சித்தியின் செட்டும் அதை வாசிக்காமல் விடலாம். ஒருமுறை மட்டும் எழுதும் சீடி-ஆர் தான் வேண்டும்.

நான்: சீடி-ஆர் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது மெனுவுக்குத் திரும்பட்டுமா?

அண்ணா: ஓம், இப்போது ஓடியோவுக்குள் போ. 12 கோப்புகளும் நீ அமைத்த ஃபோல்டரில் இருக்க வேண்டும். பெயரில் 01, 02 என்று இருப்பதை மாற்றாதே, வரிசை அதில்தான் இருக்கிறது. இடைவெளி பற்றி யோசிக்காதே. டிராக் டிராக்காக எழுதினால் நடுவில் இரண்டு செக்கன் மௌனம் விழும். அம்மம்மா மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு மூச்சு விடாமல் போகிறா, அங்கே வெட்டு விழக்கூடாது. ஆகவே டிஸ்க் முழுவதையும் ஒரே ஓட்டமாக எழுதும்படி அந்த ஸ்கிரிப்டில் முன்பே மாற்றி வைத்திருக்கிறேன்.

நான்: எழுதத் தொடங்கிவிட்டது. இந்த நேரம் வேறு ஏதாவது திறக்கலாமா?

அண்ணா: வேண்டாம். 16 வேகத்தில் 72 நிமிடம் ஐந்து நிமிடத்துக்குள் எழுதி முடியும். அதற்குப் பிறகு எழுதியதை முடித்துச் சீடியை மூடுவதற்கும் கொஞ்ச நேரம் எடுக்கும். லேப்டொப்பை அசைக்காமல் வை.

தம்பி (நிலாவெளி): அக்கா, அம்மம்மாவின் படம் போட்ட ஸ்டிக்கர் அச்சடித்து மேலே ஒட்டுவோமா? வடிவாக இருக்கும்.

அண்ணா: படத்தை உறையில் போடுவோம் தம்பி, சீடியில் ஒட்ட வேண்டாம். எல்லாரும் அடிப்பக்கத்தைத்தான் பாதுகாக்கிறார்கள். ஆனால் அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் இருக்கிறது. ஒளியைத் திருப்பும் படலம் மேற்பக்கத்தில், மெல்லிய அரக்குக்குக் கீழேதான். பசை அதை உரிக்கக்கூடும். ஒரு பக்கம் விலகி ஒட்டினால் சுழலும்போது ஆடும். பெயரை நடு வளையத்தில் சீடிக்கென்று விற்கும் பேனையால் எழுதினால் காணும்.

நான்: முதல் பிரதி வெளியே வந்துவிட்டது. நம் வீட்டுச் செட்டில் ஓடுகிறது, ஏழாவதும்.

புதன், காலை

மாமா: வேலைக்குப் போக முன்னர் வந்து எடுத்துக் கொண்டு போனேன். என் செட்டிலும் ஓடுகிறது. வீட்டில் எல்லாரும் தேத்தண்ணியோடு இருந்து கேட்டோம்.

அண்ணா: சந்தோஷம் மாமா. தங்கச்சி, இனி நான் நேற்றுச் சொன்ன வேலை. 12 கோப்புகளையும் ஃபிளாக் என்ற சுருக்கிய ஒலிக்கோப்பு வடிவுக்கு மாற்று. ஒலியில் ஒன்றும் குறையாது, இடம் மிச்சமாகும். அதைப் பாஷ்பேர்னின் டேட்டா பட்டியலில் போய் டேட்டா சீடியாக ஒன்று எழுது. அதில் அந்தப் பிழை திருத்தம் முழுதாக இருக்கும். இன்னொரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று எனக்கு அனுப்பு. மூன்றும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. கசெட் போன கதை திரும்ப நடக்க விடமாட்டேன்.

நான்: டேட்டா சீடி மாமா வீட்டில், பென்டிரைவ் இங்கே. இணையத்தில் உனக்கு இன்று இரவே ஏற்றுகிறேன்.

சித்தி: மூலச் சீடியை என்ன செய்வது?

அண்ணா: எறிய வேண்டாம் சித்தி. உறையோடு அலுமாரியில் நேராக நிறுத்தி வையுங்கள். கேட்பதற்குப் புதியது இருக்கிறது.

சித்தி: மூதூர் பெரியம்மாவிடம் சீடி போடும் செட் இல்லை, பென்டிரைவ் குத்தும் ரேடியோதான்.

நான்: அவவுக்கு எம்பி3 ஆக்கித் தருகிறேன் சித்தி. ஃபிளாக் அந்த ரேடியோவில் ஓடாமல் போகலாம். ஞாயிறு தம்பியை அனுப்புங்கள், மற்ற எல்லாருடைய சீடியும் அதோடு தயாராக இருக்கும்.