கப்பல் சுற்றுலாவோடு வந்த விமான டிக்கெட்: லண்டனில் ஒரு ராத்திரி எதற்கு?

குடந்தை அஞ்சல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். நானும் என் வீட்டுக்காரரும், அக்காவும் அத்தானும் ஆக நான்கு பேர் செப்டம்பரில் பார்சிலோனாவில் கப்பல் ஏறுகிறோம். ஏழு இரவுகள். மார்செய், ஜெனோவா, ரோமுக்குப் பக்கத்தில் சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், பால்மா என்று சுற்றி மறுபடி பார்சிலோனாவிலேயே இறக்கிவிடுவார்கள். கப்பல், விமானம், விசா, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை என்று சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் பேசி முடித்தோம். முன்பணம் வாங்கும்வரை அந்தப் பிள்ளை தினமும் இரண்டு முறை போன் செய்தான். "நல்ல விமானமாகவே போடுவோம் மேடம்" என்றான்.

போன வாரம் பயணத் திட்டம் வந்தது. சென்னையில் விடியற்காலை 5.30க்குப் புறப்பட்டு அன்று காலை 11 மணிக்கு லண்டன் ஹீத்ரோ. அங்கிருந்து பார்சிலோனாவுக்கு அடுத்த விமானம் மறுநாள் காலை 7.20க்கு! நடுவில் இருபது மணி நேரம். ஹோட்டல் உண்டா என்றால், விலையில் அது சேராதாம். மறுநாள் 10.30க்கு பார்சிலோனாவில் இறங்கி, அன்று மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பலில் ஏறவேண்டும்.

திரும்பும்போது வேறு விமான நிறுவனம். காலை ஆறு மணிக்குக் கப்பல் கரைக்கு வந்துவிடும். எங்கள் விமானம் இரவு 9.40க்கு. அதுவும் நேராகச் சென்னைக்கு இல்லை. வளைகுடா ஊர் ஒன்றில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து, பிறகு மும்பை, அங்கே பெட்டிகளை எடுத்து மறுபடி போட்டு, உள்நாட்டு விமானத்தில் சென்னை. அத்தானுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வரும் ஏழு மணி நேரக் கார் பயணத்தை இதில் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கேட்டால், "கம்பெனி கொடுத்த விமானம், எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டால் பதில் இல்லை. தபால் தாமதமானால் நாங்களும் ரயிலைக் கைகாட்டியிருக்கிறோம், ஆகையால் இந்தப் பதிலின் தரம் எனக்குத் தெரியும்.

டிக்கெட் இன்னும் அச்சாகவில்லை, பயணத்துக்கு 45 நாள் முன்புதான் போடுவார்களாம். விசா விண்ணப்பமும் அடுத்த வாரம்தான். இதை மாற்ற வழி உண்டா? விமானத்தை மட்டும் கழற்றிவிட்டு நாங்களே வாங்கிக்கொள்ளலாமா?

---

டிக்கெட் மேசை எழுதியது:

அம்மா, இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் லண்டனைக் கவனியுங்கள். உங்கள் அலுப்பு ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் திட்டத்தில் நீங்கள் சென்னையிலேயே விமானம் ஏற முடியாமல் போகலாம். நீங்கள் எடுக்கப்போகும் ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, பிரிட்டனில் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்டில் லண்டன் வழியாகப் போவதற்கு, விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும்கூட பொதுவாக டிரான்சிட் விசா, அதாவது வழியில் விமானம் மாறிப்போவதற்கான விசா வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்குகள் உண்டு. சுற்றுலாவுக்குத் தரும் குறுகிய கால ஷெங்கன் விசா அந்த விலக்கில் வராது. இரவுத் தங்கலுக்கு வெளியே வந்து ஹோட்டலுக்குப் போவதென்றால் அதற்கு வேறு வகை டிரான்சிட் விசா, 48 மணி நேரத்துக்குள் பிரிட்டனைவிட்டுப் போய்விடவேண்டும். இரவு முழுவதும் உள்ளேயே நாற்காலியில் உட்கார விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போனில் வேண்டாம், எழுத்தில். "எங்கள் நால்வருக்கும் பிரிட்டன் டிரான்சிட் விசா யார் எடுக்கிறார்கள், எந்த வகை, கட்டணம் யாருடையது, அது எத்தனை நாளில் வரும்?" இவ்வளவுதான். கோபமே வேண்டாம். ஸ்பெயின் விசாவுக்குப் பாஸ்போர்ட் உள்ளே போய்விட்டால் அதே பாஸ்போர்ட்டை வைத்து பிரிட்டன் விசாவுக்குப் போக முடியாது. இரண்டையும் அடுத்தடுத்து முடிக்க நாள் போதுமா என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். இந்த ஒரு கேள்வியில் பல மேலாளர்கள் நாற்காலியை விட்டு எழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரு வழியை ஏன் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா? ஒரே விமானத்தின் ஒரே வரிசை இருக்கைகளுக்குப் பல விலைகள் இருக்கின்றன. சுற்றுலா நிறுவனங்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்த்துக் குழுக் கட்டணத்தில் வாங்கும். அன்று பிற்பகல் லண்டனிலிருந்து பார்சிலோனா போகும் விமானத்தில் மலிவு இருக்கைகள் தீர்ந்திருக்கும், மறுநாள் காலையில் இருந்திருக்கும். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குக் குறைவாக நின்றால் அது வெறும் இணைப்பு, கூடுதல் கட்டணம் கிடையாது. உங்கள் இருபது மணி நேரம் அந்த வரம்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. கணினிக்கு அது ஒழுங்கான பயணம்தான். அத்தானின் முழங்கால் அதில் எந்தக் கட்டத்திலும் வராது.

டிக்கெட் போடுவதற்கு முன்பு மாற்ற முடியும். எங்கள் தொழிலில் இதை 'டீவியேஷன்' என்போம். அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள், இவர்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள். தலைக்கு ஒரு கட்டணமும் விலை வித்தியாசமும் கேட்பார்கள். சென்னையிலிருந்து தோஹா, துபாய், அபுதாபி மூன்றுக்கும் நேரடி விமானம் உண்டு, அந்த மூன்றிலிருந்தும் பார்சிலோனாவுக்கும் உண்டு. ஒரே ஒரு இறக்கம். நிலையத்தை விட்டு வெளியே வராதவரை இந்தியர்களுக்கு அங்கே விசாத் தொல்லையும் இல்லை. அதில் கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாள் சேரும்படி கேளுங்கள். டிக்கெட் அச்சான பிறகு கேட்டால் குழுக் கட்டணத்தில் மாற்றவும் முடியாது, பணம் திரும்பக் கிடைக்கவும் கிடைக்காது. 45 நாள் என்ற அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

---

அண்ணாநகர்வாசி எழுதியது:

எதற்கு இவர்களிடம் கெஞ்ச வேண்டும்? கப்பல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு விமானத்தை நீங்களே வாங்குங்கள். நாங்கள் எப்போதும் அப்படித்தான். பேக்கேஜ் என்பதே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிக்கனம் பிடிக்கும் வித்தை.

---

டிக்கெட் மேசை எழுதியது:

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் முதலில் கணக்குப் பாருங்கள். "விமானம் இல்லாமல் என்ன விலை?" என்று கேட்டால் நீங்கள் நினைக்கும் தொகையைக் கழிக்கமாட்டார்கள். குழுக் கட்டணத்தைத்தான் கழிப்பார்கள், அது கடையில் கிடைக்கும் விலையைவிடக் குறைவு. விமான நிலையத்திலிருந்து துறைமுகம் போகும் வண்டியும் சில இடங்களில் அதோடு போய்விடும். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு வருமான வரிச் சட்டப்படி ஒரு வரி பிடித்திருப்பார்கள், தொகை குறைந்தால் அதையும் திருத்திப் பில் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாம் போக மிச்சம் வருகிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

---

முத்துநகர் எழுதியது:

தூத்துக்குடிக்காரன். பயணிகள் கப்பல்களில் உணவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கப்பல் கம்பெனி மூலமாகவே விமானம் வாங்கியவர்களின் விமான எண் கப்பலில் உள்ளவர்களிடம் இருக்கும். ஒரு விமானம் தாமதம் என்றால் அதில் நம் பயணிகள் எத்தனை பேர் என்று பார்ப்பார்கள். ஒரு பெரிய கூட்டமே அதில் வருகிறது என்றால் காத்திருப்பதும் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்க ஏற்பாடு செய்வார்கள். நிறையப் பேர் 'பேக்கேஜில் போகிறோம், கப்பல் நமக்காக நிற்கும்' என்று நம்புவது இதை வைத்துத்தான். உங்கள் விமானத்தை வாங்குவதோ சென்னையில் உள்ள சுற்றுலா நிறுவனம். கப்பலுக்கு அது தெரியவே தெரியாது. கப்பலைப் பொறுத்தவரை நீங்களும் பார்சிலோனாவில் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவர்களும் ஒன்றுதான். ஆறு மணிக்குக் கப்பல் என்றால் ஆறு மணிக்குப் படகுத்துறைக்கு ஓடி வருவது அல்ல கணக்கு. ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகள் பட்டியலை மூடிவிடுவார்கள். பிறகு ஏணியை எடுத்துவிட்டால் கரையில் நின்று கையாட்டலாம், அவ்வளவுதான். நான் பார்த்திருக்கிறேன், பெட்டியோடு நிற்பார்கள். மேல் தளத்தில் இருப்பவர்கள் ஏதோ வழியனுப்ப வந்த உறவினர்கள் என்று நினைத்துத் திரும்பக் கையாட்டுவார்கள்.

அப்படி விட்டுவிட்டால் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி மார்செய்க்கு உங்கள் செலவில் போய் ஏறவேண்டும். அதற்கும் கப்பல் கம்பெனியின் அனுமதி வேண்டும். அண்ணாநகர் சார் சொல்வதுபோல் சொந்தமாக வாங்கினாலும் இதே கதைதான். யார் வாங்கினாலும் முந்தைய நாள் போய்ச் சேருங்கள். இப்போது ஐரோப்பிய எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு வரிசையில் நேரம் பிடிக்கும்.

அத்தானுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமானத்துக்குத் தனியாகவும் கப்பலுக்குத் தனியாகவும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒன்றில் சொன்னால் மற்றதுக்குப் போய்ச் சேராது.

---

மலைக்கோட்டை எழுதியது:

கடைசி நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நானும் இதே போல இரவு விமானத்தில் திரும்பியவள்.

அக்கா, காலையில் கப்பல் அறையிலிருந்து எட்டு மணிவாக்கில் கிளப்பிவிடுவார்கள். அறையைச் சுத்தம் செய்து மதியம் அடுத்த கூட்டத்தை ஏற்றவேண்டுமே. பெரிய பெட்டிகளை முதல்நாள் இரவே அறை வாசலில் வைத்துவிடவேண்டும், கரையில் கூடத்தில் வண்ணச் சீட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். மாத்திரைகள், பாஸ்போர்ட், மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு இவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பெட்டியில் அடுக்கி வெளியே வைத்துவிட்டு, காலையில் வேட்டி பனியனோடு நின்றார்.

கப்பலிலேயே 'ஊர் சுற்றிக் காட்டி விமான நிலையத்தில் இறக்கிவிடுதல்' என்று ஒரு கடைசி நாள் சுற்றுலா விற்பார்கள். பெட்டிகள் பஸ்ஸின் வயிற்றிலேயே இருக்கும். சாகிராடா ஃபமிலியா தேவாலயத்தை வெளியிலிருந்து காட்டுவார்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் நான்கு பேர், எட்டுப் பெட்டி, ஒரு முழங்கால் என்றால் அது மலிவு. ஒரே குறை, பிற்பகலிலேயே நிலையத்தில் விட்டுவிடுவார்கள், இரவு 9.40 வரை அங்கே காத்திருக்கவேண்டும். வேண்டாம் என்றால், சான்ட்ஸ் ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் பாதுகாப்பு அறைகள் உண்டு. துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது, பேரம் கிடையாது. நான்கு பேரும் பெட்டிகளும் என்றால் பெரிய வண்டியாகக் கேளுங்கள்.

மும்பையில் இறங்குவதை மட்டும் எப்படியாவது மாற்றுங்கள். இந்தியாவில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேயே குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பது எல்லாம். தூக்கம் கெட்ட உடம்போடு அது பெரிய பாடு. இரண்டும் ஒரே டிக்கெட்டா என்று பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானம் பொறுப்பேற்காது.

---

குடந்தை அஞ்சல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் மேசை சார் சொன்ன நான்கு கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பினேன். பதிவுத் தபால் எழுதிப் பழகிய கை, ஆகையால் கீழே 'மூன்று வேலை நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்' என்று சேர்த்துக்கொண்டேன். அன்று மாலையே அந்தப் பிள்ளை இல்லை, மேலாளரே பேசினார். "லண்டன் விசா தேவைப்படாது என்று நினைத்தோம்" என்றார். நினைத்ததை எழுத்தில் தரச் சொன்னேன். மறுநாள் காலை புதிய திட்டம் வந்துவிட்டது.

சென்னை, தோஹா, பார்சிலோனா. கப்பலுக்கு முந்தைய நாள் பிற்பகல் சேர்கிறோம். திரும்பும்போதும் தோஹா வழியாக நேராகச் சென்னை, மும்பை இல்லை. நான்கு பேருக்கும் ஒரே டிக்கெட்டில் போகவர இரண்டும். டீவியேஷன் கட்டணம் கேட்டார்கள். போகும் வழிக்குத் தரமாட்டேன், எங்களிடம் விசா இல்லாத நாட்டு வழியாகப் பாதையைப் போட்டது உங்கள் பிழை என்றேன், விட்டுவிட்டார்கள். திரும்பும் வழிக்குத் தலைக்கு ஒரு தொகை கொடுத்தோம், பரவாயில்லை. பார்சிலோனாவில் ஒரு இரவு ஹோட்டல் எங்கள் செலவு. திரும்பும் விமானம் இப்போதும் இரவுதான், அது மாறவில்லை. மலைக்கோட்டை சொன்ன பஸ் சுற்றுலாவில் பெயர் கொடுக்கப்போகிறோம்.

விசா விண்ணப்பத்தில் ஒருநாள் முன்னதாக நுழைவதாகத் தேதியைத் திருத்தி, ஹோட்டல் பதிவையும் இணைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்சூரன்ஸ் பழைய தேதியிலேயே இருந்தது, அதையும் மாற்றச் சொன்னேன். யாரும் தானாகப் பார்க்கமாட்டார்கள் போலிருக்கிறது.

இன்னொரு கேள்வி. அத்தான் சுத்த சைவம், வெங்காயம் பூண்டும் கிடையாது. முத்துநகர் தம்பி உணவுக் கூடத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், இதை இப்போதே கப்பலுக்கு எழுதவேண்டுமா, ஏறியபிறகு சொன்னால் போதுமா?

---

முத்துநகர் எழுதியது:

இப்போதே எழுதுங்கள் அக்கா, ஏறிய அன்று மாலையும் உணவுக் கூடத்துத் தலைமைப் பணியாளரைப் பார்த்து நேரில் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்தியச் சமையற்காரர் ஒருவராவது இருப்பார். மறுநாள் சாப்பாட்டை முந்தின இரவே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொண்டுபோகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐரோப்பாவுக்குள் பாலும் இறைச்சியும் கலந்த உணவுகளைக் கொண்டுபோகத் தடை உண்டு, ஊறுகாயும் பருப்புப் பொடியும் அதில் வராது. நெய்யை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.