முதல் பழைய பட்டாளத்துக் கைத்துப்பாக்கி: 5,000 ரேண்டுக்குள் எதை வாங்கலாம்?

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பள்ளிக்கூட வேலை. துப்பாக்கி சேகரிப்புக்குப் புதுசு, இதுவரை ஒன்றும் வாங்கவில்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உண்டு என்ற காம்பிடென்சி சான்றிதழ் போன மாதம்தான் கைக்கு வந்தது.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில், தென்னாப்பிரிக்கப் பட்டாளத்தில் இந்தியர், மலாய்க்காரர் பிரிவான இந்தியன் அண்ட் மலாய் கோரில் லாரி ஓட்டினார். 1942இல் எகிப்தில் எடுத்த படம் ஒன்று ஆயாவின் பீரோவில் இருக்கிறது. அரைக்கால் சட்டை, லாரி பானட்டின் மேல் ஒரு கை. அவர் காலத்துப் பட்டாளத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை. டர்பனைச் சுற்றி மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று வெப்லி மார்க் 6, பிரிட்டிஷ் பட்டாள ரிவால்வர். பெரிய சைஸ், பார்த்ததும் மயங்கிவிட்டேன். 45 ஏசிபி என்ற அமெரிக்கப் பிஸ்டல் தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறார்களாம், 4,800 ரேண்ட். அடுத்தது இத்தாலியப் பிஸ்டல் பெரெட்டா 1934, கண்ணாடி மாதிரி குரோம் பூசியது, 4,500. மூன்றாவது பிரிட்டிஷ் என்ஃபீல்ட் ரிவால்வர், 3,200 ரேண்ட். ஆனால் அதில் ஹேமரை, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியை, கட்டைவிரலால் பின்னால் இழுக்கும் கொம்பு உடைந்துபோயிருக்கிறது. அதனால்தான் விலை குறைவு என்றார் கடைக்காரர்.

எதை எடுக்கலாம்? பெரியவர்கள் சொல்லுங்கள்.

லெனேசியா லூகர்:

பொறுங்க வாத்தியாரே. இன்னும் இரண்டு வருஷம் பணம் சேருங்கள். வாங்கினால் ஜெர்மன் பிஸ்டல்தான்: லூகர், இல்லாவிட்டால் மௌசர் சி96. சி96 போயர் போரில் போயர்கள், அதாவது இங்கே குடியேறிய டச்சு வம்சத்தார், வைத்திருந்தது, இளவயதில் சர்ச்சிலும் வைத்திருந்தது. நம் மண்ணின் சரித்திரம். மற்றதெல்லாம் இரும்புக் கடைச் சாமான். அதுவும் நூறு வருஷம் தாண்டிய சி96 என்றால் பழம்பொருள், லைசென்ஸ் தொல்லையே இருக்காது என்று நினைக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் கிழவன்:

லெனேசியா தம்பி சொன்னதின் கடைசி வரியை முதலில் அழித்துவிடுங்கள். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் பழம்பொருள் துப்பாக்கி என்றால் 1900 ஜனவரி 1க்கு முன் செய்த, குழலின் வாய் வழியாக மருந்து இடிக்கிற துப்பாக்கி, அல்லது அதன் நகல். சி96க்கு நூற்றிருபது வயசானாலும் லைசென்ஸ் வேண்டும். இதை நம்பி ஒருத்தன் உள்ளே போகக் கூடாது.

சரி, வாத்தியார் தம்பி. உங்கள் மூன்றாவது துப்பாக்கி உடைந்ததில்லை.

அது என்ஃபீல்ட் நம்பர் 2, மார்க் 1 ஸ்டார். 1932இல் வந்த முதல் மாதிரிக்குக் கொம்பு இருந்தது. டாங்கிக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கொம்பு எதிலாவது போய் மாட்டிக்கொண்டே இருந்தது. 1938இல் கொம்பே இல்லாமல் செய்ய ஆரம்பித்தார்கள். டிரிகரை முழுசாக இழுத்துத்தான் சுட முடியும். அப்புறம் பழையவற்றிலும் நிறையவற்றை அப்படியே மாற்றினார்கள். ஹேமரின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். உடைந்த இரும்பு சொரசொரப்பாக இருக்கும், தொழிற்சாலையில் செய்தது உருண்டு வழவழப்பாக இருக்கும். துப்பாக்கியின் உடல் சட்டத்தின் (ஃபிரேம்) வலப்பக்கம், ஹேமருக்குக் கீழே கிரீடம், செய்த இடம், மாதிரி, வருஷம் எல்லாம் அடித்திருக்கும். மார்க் 1க்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ரிவால்வரை வடிவமைக்க உதவியது வெப்லி கம்பெனி. அரசாங்கம் யோசனையை வாங்கிக்கொண்டு தன் என்ஃபீல்ட் தொழிற்சாலையிலேயே செய்துகொண்டது. வெப்லிக்காரன் சண்டை போட்டு வாங்கியது 1,250 பவுண்டு. அதனால்தான் வெப்லி மார்க் 4ஐயும் இதையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

உங்களை மயக்கிய மார்க் 6ஐ விட்டுவிடுங்கள். அது 1915இல் 455 தோட்டாவுக்காகச் செய்தது. தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டு, அரைவட்டக் கிளிப்பில் மும்மூன்றாக 45 ஏசிபி போடுவார்கள். போட்டால் உட்காரும், சுடவும் சுடும். ஆனால் ஏசிபியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. 455க்கு அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இன்றைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். என்றைக்கோ ஒருநாள் சிலிண்டர் பிளக்கும். சீவியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது, சேகரிப்பவன் கண்ணுக்கு அது பாதி விலைகூடப் பெறாது.

பெரெட்டா நல்ல சாதிதான். அபிசீனியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டுப் பட்டாளம் இத்தாலிக்காரர்களோடு மோதியது, கைப்பற்றிய துப்பாக்கிகள் சில வீடு வந்து சேர்ந்தன. ஆனால் குரோம்! பூசுவதற்கு முன் இரும்பைத் தேய்த்திருப்பார்கள். முத்திரையும் எண்ணும் மழுங்கியிருக்கும். கல்யாணப் பெண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி, கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பேசுகிறேனே, நான் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? 38 வெப்லி மார்க் 4. பளபளப்பைப் பார்த்து வாங்கி, முதல் நாள் சுட்டுவிட்டுக் காலித் தோட்டாக் கூடுகளைக் கொட்டினால் ஒவ்வொன்றும் வயிறு உப்பிக் கிடக்கிறது. எவனோ 38 ஸ்பெஷல் என்ற வேறு தோட்டா போகும்படி தோட்டா அறையைக் குடைந்திருக்கிறான். இந்த ரிவால்வர்களின் தோட்டா குட்டையானது, கூடு 20 மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் சற்றுப் பருமன். ஸ்பெஷலின் கூடு 29 மில்லிமீட்டர், ஒல்லி. நீங்கள் கடைக்குப் போனால் ஸ்பெஷலின் டம்மி, அதாவது வெடிக்காத போலித் தோட்டா, ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடி வரை வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

மற்றதையும் பார்த்துவிடுங்கள். முதலில் காலியா என்று நீங்களே திறந்து பாருங்கள். பூட்டிய பிறகு குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கடகடவென்று ஆடக் கூடாது. உடல் சட்டம், குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே எண் இருந்தால் நல்லது. குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் கருமை பரவாயில்லை, குழி குழியாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மேல்பூச்சு தேய்ந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எண்பது வருஷம் உறைக்குள் ஏறி இறங்கினால் தேயத்தான் செய்யும்.

இன்னொன்று. குதிரை லாடத்துக்குள் கோழிக்கால் வைத்த மாதிரி, ஆங்கில யு எழுத்துக்குள் அம்பு இருந்தால் அது தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் முத்திரை. இருந்தால் பேரமே பேசாதீர்கள், கடைக்காரர் மனசு மாறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை, தப்பாக நினைக்க வேண்டாம். இந்தியன் அண்ட் மலாய் கோர்காரர்களுக்கு ஆயுதம் கொடுக்கவில்லை. லாரி கொடுத்தார்கள், ஸ்ட்ரெச்சர் கொடுத்தார்கள், துப்பாக்கி கிடையாது. அதற்கு முன் 1899இல் காந்தியின் ஆம்புலன்ஸ் படையில் போன நம் ஆட்களுக்கும் அதே கதைதான். உங்கள் தாத்தா இந்த ரிவால்வரைப் பார்த்திருந்தால் பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார ஆபீசர் இடுப்பில் பார்த்திருப்பார்.

டொங்காட் அக்கா:

லைசென்ஸ் காகிதத்தை யாரும் பேசவில்லையே. அப்பா இறந்தபோது அவருடைய பிரவுனிங் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற ஒரு காவல் நிலையத்தில் என் ஃபைலை இரண்டு தடவை தொலைத்தார்கள். அதனால் சொல்கிறேன், கொடுப்பதற்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

தம்பி, துப்பாக்கிச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், அதாவது தற்காப்புக்கு, ஒன்றுதான் கொடுப்பார்கள். அதை ஒரு கிழட்டு ரிவால்வருக்குச் செலவழிக்காதீர்கள். 15ஆம் பிரிவில் எப்போதாவது சுடுகிறவர் என்று கேட்கலாம், ஆனால் அதிலும் கைத்துப்பாக்கி ஒன்றே ஒன்று. மேலும் மேலும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 17ஆம் பிரிவுதான். அதற்கு அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் சேர வேண்டும், எதைச் சேகரிக்கிறீர்கள் என்று விஷயத்தோடு சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா படத்தை அங்கே கொண்டுபோங்கள்.

லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும். மாதாமாதம் காப்புக்கூலி கேட்பார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். சுவரில் போல்ட் அடித்த, எஸ்ஏபிஎஸ் (நாட்டின் தர நிர்ணய அமைப்பு) தர முத்திரை உள்ள பெட்டகம் வேண்டும். ஆயாவின் பீரோ செல்லாது.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. கிழவன் ஐயா, தாத்தாவுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆயாவிடம் கேட்டேன். "லாரிக்கு ஸ்டார்ட்டர் கம்பி கொடுத்தாங்க, அதைத்தான் தலைமாட்டில் வச்சுத் தூங்குவாராம்" என்றார்.

சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனேன். ஹேமர் வழவழப்பு. நட்சத்திரம் இருக்கிறது. என்ஃபீல்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆல்பியன், 1942. மூன்று எண்ணும் ஒன்றே. டம்மி பாதியிலேயே நின்றுவிட்டது. கோழிக்காலை மட்டும் காணோம்.

மாரிட்ஸ்பர்க் கிழவன்:

ஆல்பியன் என்றால் கிளாஸ்கோவில் லாரி செய்த கம்பெனி. போரில் ரிவால்வர் செய்யச் சொல்லி அவர்களிடம் கொடுத்தார்கள். லாரி ஓட்டியவரின் பேரனுக்கு லாரிக்காரன் செய்த துப்பாக்கி, எடுங்கள். எவ்வளவு சொன்னார்?

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:

2,900க்கு வந்தார், பாதி கொடுத்துவிட்டேன். காப்புக்கூலி முதல் ஆறு மாதம் கிடையாதாம். உடைந்ததில்லை என்று அவரிடம் விளக்கினேன், காதில் வாங்கவில்லை. ரசீதில் "ஹேமர் உடைந்தது, திருப்பி எடுக்கப்படாது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.