வெண்பாழா, வெளிறலா? ‘ஹைலைட் கிளிப்பிங்’குக்கு ஒரு சொல்

[1]
குழுவினருக்கு வணக்கம்.

ஆற்றங்கரை நடைபாதையில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது பற்றிய பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஹைலைட் கிளிப்பிங்’ ஒன்றுதான் பாக்கி. அது வரும் இடம் இது: பாலத்து நிழலில் நிற்பவருக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால், பின்னால் வெயில் படும் தண்ணீர் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். 8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 (முழுக் கருமை) முதல் 255 (முழு வெண்மை) வரை; அங்கே எல்லாப் புள்ளியும் 255. அலையும் தெரியாது, படித்துறைக் கல்லும் தெரியாது. பிறகு வெளிச்சத்தை எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் பூச்சுதான் மிஞ்சும். ‘மிகையொளி’ என்று எழுதிப் பார்த்தேன். அது காரணத்தைச் சொல்கிறது, எனக்கு விளைவுக்குச் சொல் வேண்டும்.

[2]
வெளிறல். துணி வெளிறும், முகம் வெளிறும். யாருக்கும் விளக்க வேண்டாம். ‘இன்மை அரிதே வெளிறு’ என்கிறது குறள் 503; அங்கே அறியாமை என்று பொருள். மரத்தில் வைரம் பாயாத பகுதியும் வெளிறுதான். வெண்மை, உள்ளீடின்மை இரண்டும் ஒரே சொல்லில். வேறென்ன வேண்டும்?

[3]
> வேறென்ன வேண்டும்?

துல்லியம் வேண்டும். பனிமூட்டத்தில் எடுத்த படமும் வெளிறித்தான் இருக்கும். அதில் ஒரு புள்ளிகூட 255-ஐத் தொட்டிருக்காது. 245-இல் நிற்கும் மேகத்தில் விவரம் இருக்கிறது, இறக்கினால் வெளியே வரும். 255-இல் முட்டியது போனது போனதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் ஹிஸ்டோகிராமை (எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளி என்று காட்டும் வரைபடத்தை) விட்டுவிட்டுத் திரையின் பளிச்சைப் பார்த்து முடிவு செய்வார். ‘வெண்பாழ்’ என்று வையுங்கள். நிழல் 0-இல் அமுங்குவதற்குக் ‘கரும்பாழ்’. ஜோடியாக நிற்கும்.

[4]
பாழ் என்றால் சுழியம். பரிபாடல் மூன்றாம் பாடலில் ‘பாழ் எனக் கால் எனப் பாகு என ஒன்று என’ என்று எண்கள் வரிசையாக வருகின்றன. அப்படியானால் 0-ஆகிய கருமைதான் பாழ். 255-ஐப் பாழ் என்பது கணக்குக்கே மாறு.

கருமை என்றதும் ஐந்தாம் வேற்றுமைக்கு உரைகாரர்கள் காட்டும் ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ நினைவுக்கு வருகிறது. காக்கையைப் போலவா, காக்கையைவிடவா? ஒப்பா, உறழ்வா? டோன் (கருமை வெண்மைப் படிநிலை) என்பதே இந்த உறழ்வுதான். ‘கான்ட்ராஸ்ட்’டுக்கும் மாறுபாட்டை விட்டு ‘உறழ்வு’க்கு வரலாமே.

[5]
ஐயா, செய்யுள் தொடையில் எதிர்மறைச் சொற்களை எதிரெதிரே வைப்பதற்கு ‘முரண்’ இருக்கும்போது உறழ்வு எதற்கு? ஆனால் அதற்குத் தனி இழை வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் போதும்.

[6]
ஃபிலிம் பக்கத்திலிருந்து ஒரு தடை. நெகட்டிவில் வெயில்பட்ட நீர்தான் மிக அடர்ந்த இடம், வெள்ளி மண்டிக் கிடக்கும். பாழ் எங்கே? ஃபிலிம் திடுமென முட்டுவதும் இல்லை. அதன் வளைகோடு மேலே போகப்போக மெல்லச் சாயும். டிஜிட்டல் கேமராவின் சென்சார்தான் ஒளியால் நிரம்பியதும் சட்டென்று நிற்கும். அதனால் ‘ததும்பல்’.

[7]
மூன்றாம் மடலை எழுதியவன்தான்.

நிரம்புவது சென்சார், பாழாவது படம். அச்சில் அந்த இடத்தில் மை ஒரு பொட்டும் விழாது. வானம் அப்படிப் போனால் படத்தின் மேல்விளிம்பே தாளோடு கலந்துவிடும்.

சொல் எதுவானாலும் கையேட்டில் இதைச் சேருங்கள். படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பதிவாகும்; சாயங்கால வெயிலில் சிவப்புச் சேனல் முதலில் முட்டும். ஒளிர்வு ஹிஸ்டோகிராம் மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பிறகு கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு ஃபில்டர் விளைவைத் தேர்ந்தால், முட்டிப்போன அந்தச் சேனலைத்தான் பெரிதும் எடுக்கிறோம். கரையோரச் செங்கல் சுவர் வரியில்லாமல் மொத்தையாக வெளுக்கும். மூன்று சேனலையும் தனித்தனியே பார்த்து, ஹிஸ்டோகிராமின் வலச்சுவரை (255 விளிம்பை) விட்டு விலகும்வரை எக்ஸ்போஷரை ஒவ்வொரு முறையும் ஸ்டாப்பில் (ஒளியைப் பாதியாக்கும் படியில்) மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) இருந்தால் நிழலைப் பின்னால் தூக்கலாம். கொஞ்சம் இரைச்சல் (புள்ளி புள்ளியான பிசிறு) வரும், கறுப்பு வெள்ளையில் அது தாங்கும்.

அலைமுகட்டு மினுக்கம் மட்டும் விதிவிலக்கு. அது சூரியனின் நேர்ப் பிரதிபலிப்பு, 255-இல் போகட்டும். அதையும் காக்கப் போனால் படம் முழுக்க இருண்டுவிடும்.

[8]
எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் மடலின் பக்கம் சாய்ந்து ‘வெண்பாழ்’ போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘ஹைலைட் கிளிப்பிங்’ அடைப்புக்குறிக்குள் வரும்.

[9]
வெளிறலை முன்வைத்தவன் எழுதுகிறேன். உடன்படவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. ஒரே வேண்டுகோள்: மினுக்கம் பற்றிய பத்தியில் ‘வெண்பாழ்’ வர வேண்டாம். ஆற்றில் வெயில் தெறிப்பதைப் பாழ் என்று படித்த மாணவர் அதை ஒழிக்கத்தான் பார்ப்பார். நீர்ப்பரப்புக்குச் சுமார் 37 பாகைக் கோணத்தில் நின்று போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டரை) முழுக்கத் திருப்பினால் பளபளப்பு அத்தனையும் போய்விடும், தண்ணீர் தார்ச்சாலை போலக் கிடக்கும்.